ஒரே பேரேடும் பல கைகளும்

1972-ஆம் ஆண்டில், ஐ.பி.எம். கம்பெனியின் உத்தியோகத்தை விட்டு வெளியே வந்த ஐவர், தங்களுக்கென்று ஒரு கணினி இல்லாதவர்களாய், மேற்கு ஜெர்மனியில் ஓஸ்ட்ரிங்கன் என்னும் ஊரில் இருந்த ஐ.சி.ஐ. கம்பெனியின் நைலான் இழைத் தொழிற்சாலைக்குச் சென்று, வாடிக்கையாளரின் கணினியிலேயே, பெரும்பாலும் இரவு வேளைகளிலும் வாரக் கடைசிகளிலும் உட்கார்ந்து, சம்பளக் கணக்கையும் பொதுக் கணக்கையும் நடத்துவதற்கான நிரல்களை எழுதினார்கள். கணக்கு விவரங்களை அட்டைகளில் துளையிட்டுக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்து, இரவில் மொத்தமாகக் கணினிக்குள் செலுத்தி, மறுநாள் காலையில் விடையைப் பெறுவதே அக்காலத்துச் சம்பிரதாயம்; குமாஸ்தா திரையின் முன் உட்கார்ந்து ஒரு தொகையைப் பதிந்த அக்கணமே அது சம்பந்தப்பட்ட கணக்குகளிலெல்லாம் ஏறிவிட வேண்டும் என்பது இந்த ஐவரின் சங்கற்பம். அவர்கள் தொடங்கிய ஸ்தாபனமே இன்று எஸ்.ஏ.பி. என்ற மூன்றெழுத்தால் உலகெங்கும் அறியப்படுவது. தங்கள் படைப்புகளுக்கு அவர்கள் ஆர்-1, ஆர்-2, ஆர்-3 என்று வரிசையாகப் பெயரிட்டபோது, அந்த ஓரெழுத்து, பதிவும் பயனும் ஒரே கணத்தில் நிகழவேண்டும் என்ற கொள்கையையே குறித்தது.

இது கணக்கர் மேஜையிலிருந்து கிளைத்த மரபு. இதனோடு பின்னர் வந்து கலந்த மற்றொரு மரபு தொழிற்சாலையின் தளத்திலிருந்து கிளைத்தது. அமெரிக்காவில் உழவு இயந்திரங்கள் செய்துவந்த ஜே.ஐ. கேஸ் கம்பெனியில் ஜோசப் ஆர்லிக்கி என்பவர் 1960-களில் வகுத்த முறைப்படி, ஒரு டிராக்டருக்கு இன்னின்ன பாகங்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் இன்னின்ன உறுப்புகள் என்று மரக்கிளை போல ஒரு பட்டியல் இருந்துவிட்டால், எந்த மாதத்தில் எத்தனை டிராக்டர் வேண்டும் என்ற ஒரு கேள்விக்கு விடை தெரிந்தவுடன், எந்தத் திருகாணி எந்த வாரத்தில் எத்தனை வேண்டும் என்பது தானாகவே கணக்காகிவிடும். பொருளோடு ஆட்களும் இயந்திர நேரமும் பணமும் இக்கணக்கில் சேர்ந்து, சம்பளமும் விற்பனையும் கொள்முதலும் வரியும் ஒரே தகவல் தொகுதியில் குவிந்தபோது, 1990-இல் கார்ட்னர் என்ற ஆய்வு ஸ்தாபனம் இதற்கு இட்ட பெயர்தான் நிறுவன வளத் திட்டமிடல். அலுவலக வழக்கில் இ.ஆர்.பி. அடுத்த பத்தாண்டுகளில் இம்முறை காட்டுத்தீயாய்ப் பரவியதற்கு 1992-இல் வெளிவந்த ஆர்-3 ஒரு காரணமென்றால், ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதிவந்த பழைய நிரல்கள் 2000 பிறந்ததும் குழம்பிவிடும் என்ற அச்சம் அதற்குக் குறையாத மற்றொரு காரணம். பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதைக் காட்டிலும் புது வீட்டுக்கே குடிபோய்விடலாம் என்று பலர் தீர்மானித்தார்கள். சென்னையில் ராம்கோ குழுமத்தார் 'மார்ஷல்' என்ற பெயரில் ஒரு தொகுப்பை உருவாக்கி வெளிநாடுகளிலும் விற்க முற்பட்டது இந்தக் காலத்தில்தான்.

இம்முறையின் இயல்பை அறிய வேண்டுமானால் அது எதை அகற்றியது என்று முதலில் பார்க்கவேண்டும். முன்பெல்லாம் ஒரு ஸ்தாபனத்தில் பண்டகசாலைக்கு ஒரு பேரேடு, கொள்முதல் பிரிவுக்கு ஒரு பேரேடு, கணக்குப் பிரிவுக்கு ஒரு பேரேடு என்று தனித்தனியாக இருந்தன; மாத முடிவில் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வித்தியாசம் வந்த இடத்தில் சிட்டையைப் புரட்டி, ஆளை அழைத்துக் கேட்டு நேர்செய்வார்கள். இந்த ஏற்பாட்டில் தாமதமும் பிழையும் களவும் புகுந்துகொள்ள வேண்டிய இடம் இருந்தது. ஆயினும், பேரேட்டுக்கும் பேரேட்டுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியில்தான், விதியில் சொல்லப்படாத ஆயிரம் காரியங்களைச் சிப்பந்திகள் தங்கள் அநுபவத்தைக் கொண்டு முடித்துவந்தார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஒரே பேரேடு வந்தபோது களவுக்கு இருந்த இடமும் அநுபவத்துக்கு இருந்த இடமும் சேர்ந்தே அடைபட்டன. இ.ஆர்.பி.யைப் பற்றி எழுந்துள்ள நல்லுரைகளும் வசைகளும் பெரும்பாலும் இந்த ஒரு நிகழ்ச்சியின் இரு பக்கங்களே என்பது என் அபிப்பிராயம்.

ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் வாசலில் சற்று நின்று பார்க்கலாம். மசகு எண்ணெய் ஐம்பது பீப்பாய்க்கு பர்ச்சேஸ் ஆர்டர் போயிருக்கிறது. லாரியில் நாற்பத்தெட்டு வந்திருக்கிறது. அவற்றிலும் இரண்டு கசிகின்றன. பழைய காலத்து ஸ்டோர் கீப்பராயின், செலானின் மூலையில் 'இரண்டு கசிவு, இரண்டு குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பின் கார்டு என்னும் இருப்பு அட்டையில் நாற்பத்தாறு என்று ஏற்றிவிட்டு, விற்பனையாளரோடு தொலைபேசியில் பேசி, அடுத்த லாரியில் நான்கு பீப்பாய் சேர்த்து அனுப்பச் சொல்லியிருப்பார். இப்போதோ, ஆர்டரில் கண்ட அளவும், சரக்கு வரவுச் சீட்டில் கண்ட அளவும், விற்பனையாளர் அனுப்பும் இன்வாய்ஸில் கண்ட அளவும் ஆகிய மூன்றும் பொருந்தினாலன்றிப் பணம் போகாது. அனுமதிக்கப்பட்ட வித்தியாசத்துக்கு மேல் ஒரு பீப்பாய் கூடினாலும் குறைந்தாலும் இன்வாய்ஸ் தடைபட்டு நிற்கும். வராத சரக்குக்குப் பணம் கொடுப்பதும், ஒரே பில்லுக்கு இருமுறை பணம் கொடுப்பதும், கொள்முதல் அதிகாரியும் வியாபாரியும் கைகோத்துக் கொள்வதும் இந்த மும்முனைச் சரிபார்ப்பினால் வெகுவாகக் குறைகின்றன என்பதில் சந்தேகமில்லை. இந்த ஒரு நன்மைக்காகவே இம்முறையை வரவேற்ற முதலாளிகள் உண்டு. அவர்கள் வரவேற்றது நியாயமே.

ஆனால் அதே ஸ்டோர்ஸ் வாசலுக்கு இரவு ஷிப்டில் ஒரு ஃபிட்டர் ஓடி வருகிறார். இயந்திரம் நின்றுவிட்டது, ஒரு பீப்பாய் எண்ணெய் உடனே வேண்டும். இண்டென்ட் போட்டாயிற்று, அதற்கு ஒப்புதல் அளிக்க வேண்டிய மேலாளரோ விடுப்பில் இருக்கிறார், அவருடைய அதிகாரம் திரையில் வேறெவருக்கும் மாற்றிக் கொடுக்கப்படவில்லை. ஸ்டோர் கீப்பர் செய்யக்கூடியவை மூன்று: கொடுக்க மறுத்து உற்பத்தியை நிறுத்தலாம், கொடுத்துவிட்டுக் காலையில் பதிந்துகொள்ளலாம், அல்லது ஏற்கெனவே ஒப்புதலாகிக் கிடக்கும் வேறொரு பிரிவின் செலவுக் கணக்கில் இதை ஏற்றிவிடலாம். முதலாவதைச் செய்பவர் விதிப்படி நடந்தவர், மூன்றாவதைச் செய்பவர் காரியத்தை நடத்தியவர். மூன்றாவதைச் செய்தால் திரையில் எல்லாம் பச்சை விளக்காகவே தெரியும். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்தப் பதிவு பரிபூரண சத்தியமாகத் தோன்றும். பொய்க் கணக்கை ஒழிக்க வந்த முறை, நேர்மையான ஒருவரை, வேலை நிற்கக்கூடாதே என்ற கவலையினாலேயே பொய்க் கணக்கு எழுதுமாறு நிர்ப்பந்திக்கக் கூடும் என்பதை, இம்முறையை விற்பவர்கள் தங்கள் விளக்கப் படங்களில் காட்டுவதில்லை.

பதியப்படாத பொருள் இருந்தும் இல்லாததாகிவிடும் என்பதற்கு 1999-இல் அமெரிக்காவில் ஹெர்ஷி கம்பெனிக்கு நேர்ந்ததைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. மிட்டாய்க்கும் சாக்லேட்டுக்கும் பேர்போன அந்தக் கம்பெனி, எஸ்.ஏ.பி.யையும், அதனோடு வேறு இரண்டு கம்பெனிகளின் மென்பொருள்களையும் சேர்த்து, ஏறத்தாழ 11.2 கோடி டாலர் செலவில் ஒரே வீச்சில் நிறுவத் துணிந்தது. நான்கு வருஷத்து வேலை என்று ஆலோசகர்கள் மதிப்பிட்டதை, 2000-ஆம் ஆண்டுப் பயத்தின் காரணமாக இரண்டரை வருஷமாகச் சுருக்கியது. ஏப்ரலில் தொடங்கியிருக்க வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று. அமெரிக்காவில் அக்டோபர் முடிவில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்குக் கடைக்காரர்கள் சரக்கு கேட்டு எழுதத் தொடங்கும் காலமும் அதுவே. பண்டிகைச் சரக்கு பெருகும் மாதங்களில், வழக்கமான கிடங்குகள் போதாமல், கைக்குக் கிடைத்த இடங்களிலெல்லாம் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைப்பது அந்தக் கம்பெனியின் ஆட்களுக்குப் பழக்கம். எங்கே என்ன இருக்கிறது என்பது அவர்கள் மனத்தில் இருந்தது. அந்த இடங்கள் புதிய முறையில் கிடங்குகளாகப் பதிவாகவில்லை என்பதைப் பின்னால் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தவர்கள் முக்கியமான காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறார்கள். சரக்கு இருந்தது, கணினிக்கு அது தெரியவில்லை, கணினிக்குத் தெரியாததை லாரியில் ஏற்ற வழியில்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள மிட்டாய்களை உரிய காலத்தில் கொடுக்க முடியாமல் போய், அந்த மூன்றாம் காலாண்டில் விற்பனை 12 சதவீதமும் லாபம் 19 சதவீதமும் சரிந்தன.

ஆட்கள் மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டு எழுதிக்கொள்ளாத குற்றம் மென்பொருளினுடையதன்று. ஆயினும் கேட்டு எழுதுவதென்பது சொல்லுகிறபடி அவ்வளவு சுலபமான காரியமும் அன்று. ஏனெனில், நெடுநாள் பழக்கத்தில் கைவந்த அறிவை உடையவர்களுக்கு, தங்களிடம் அப்படி ஓர் அறிவு இருப்பதே தெரிவதில்லை. ஆலோசகர் குறிப்பேட்டோடு வந்து, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், விதிப்புத்தகத்தில் உள்ளதையே ஒப்பிப்பார்கள். வந்தவர் திருப்தியோடு எழுதிக்கொண்டு போய்விடுவார்.

தாமஸ் டேவன்போர்ட் என்ற பேராசிரியர் 1998-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரை இத்துறையில் இன்றளவும் எடுத்துப் பேசப்படுகிறது. அதன் சாரமாவது: இத்தகைய முறை வெறும் கருவியாக ஸ்தாபனத்துக்குள் நுழைவதில்லை, வியாபாரத்தை எப்படி நடத்தவேண்டும் என்பதுபற்றித் தனக்கே உரிய ஒரு கருத்தோடு நுழைகிறது, அக்கருத்து ஸ்தாபனத்தின் போக்கோடும் அதிகார அமைப்போடும் முரண்படுமானால், முறையை ஸ்தாபனத்துக்கு ஏற்ப மாற்றுவதா, ஸ்தாபனத்தை முறைக்கு ஏற்ப வளைப்பதா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. இக்கேள்வியைத் தொழில்நுட்ப அதிகாரிகளிடம் விட்டுவிட்ட முதலாளிகள் பலர் பெருநஷ்டம் அடைந்தார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

இதற்கு மிகவும் கூர்மையான உதாரணம் அக்கட்டுரை வெளிவந்து இருபது வருஷங்களுக்குப் பின்பு, அதுவும் எஸ்.ஏ.பி.யின் பிறந்த நாட்டிலேயே வாய்த்தது. மலிவு விலைக் கடைகளை நாடெங்கும் நடத்தும் லிடில் கம்பெனி, 2011-இல் எஸ்.ஏ.பி. முறையை நிறுவும் வேலையைத் தொடங்கி, ஏழு வருஷம் பாடுபட்டு, பத்திரிகைகளின் மதிப்பீட்டின்படி சுமார் 50 கோடி யூரோவைச் செலவிட்ட பிறகு, 2018-இல் எல்லாவற்றையும் கைவிட்டுப் பழைய முறைக்கே திரும்பியது. சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அற்பமாகத் தோன்றும். கடையில் கிடக்கும் சரக்கை விற்கும் விலையில் மதிப்பிடுவது மென்பொருளின் வழக்கம். வாங்கிய விலையில் மதிப்பிடுவது லிடிலின் வழக்கம். இரண்டும் கணக்கு சாஸ்திரத்துக்குச் சம்மதமானவையே. லிடில் தன் வழக்கத்தை விட மறுத்தது. ஆகவே மென்பொருளை வெட்டித் திருத்தத் தலைப்பட்டார்கள். ஒரு திருத்தம் பத்துத் திருத்தங்களை வேண்டிற்று. சரக்கின் மதிப்பு என்பது ஒரு கட்டத்தில் எழுதும் எண் மாத்திரமாக இருந்தால் ஒருநாளில் மாற்றிவிடலாம். அதன்மேல் விலை நிர்ணயமும், கடை மேலாளரின் திறமையை அளப்பதும், நஷ்டத்தைக் கண்டுபிடிப்பதும் எழுப்பப்பட்டிருந்தால், அந்த எண்ணை மாற்றுவது அஸ்திவாரக் கல்லை உருவுவது போலாகிவிடும். லிடிலைப் பிடிவாதக்காரர் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். வாங்கும் விலையில் காட்டும் கண்டிப்பையே மூலதனமாகக் கொண்டு வளர்ந்த ஒரு கடை, அந்த விலையையே கணக்கின் மையமாக வைத்துக்கொள்ள விரும்பியதில் பிடிவாதத்தைக் காட்டிலும் விவேகமே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏழு வருஷம் கழித்து அதை உணர்ந்ததுதான் குறை.

முதலாளிகளின் கதை இப்படியிருக்க, திரையின் முன் உட்காருபவர்களின் கதைக்கு வருவோம். ஜானதன் க்ரூடின் என்பவர் 1988-இலேயே, பலர் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று ஆராய்ந்து, கூடுதலாக உழைக்க வேண்டியவர் ஒருவராகவும் அந்த உழைப்பின் பயனை அநுபவிப்பவர் வேறொருவராகவும் இருப்பது அதற்கு ஒரு மூல காரணம் என்று எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது சிறிய குழுக்கள் பொதுவில் வைத்துக்கொள்ளும் நாட்காட்டி போன்றவற்றை வைத்து, எனினும் இ.ஆர்.பி.க்கு அது பன்மடங்கு பொருந்தும். ஸ்டோர்ஸில் இருப்பவர் முன்பு ஒரு வரி எழுதிய இடத்தில் இப்போது பன்னிரண்டு கட்டங்களை நிரப்புகிறார். அவற்றில் இரண்டு அவருக்கு வேண்டியவை, மீதிப் பத்தும் கணக்குப் பிரிவுக்கோ வரித் துறைக்கோ தலைமை அலுவலகத்தின் அறிக்கைக்கோ வேண்டியவை. தமக்குப் பயன்படாத கட்டத்தை மனிதர்கள் எப்படி நிரப்புவார்கள் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை; திரை ஏற்றுக்கொள்ளும் எதையாவது போட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். காரணக் குறியீடு கேட்குமிடத்தில் பட்டியலின் முதல் குறியீடே எப்போதும் அதிகமாகப் பதிவாகியிருப்பதன் ரகசியம் இதுதான்.

மரி-க்ளோட் புத்ரோ, டேனியல் ரோபி ஆகிய இருவர் ஒரு பெரிய அரசாங்க ஸ்தாபனத்தில் இம்முறை வந்ததிலிருந்து கூடவே இருந்து கவனித்து, 2005-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் சிப்பந்திகள் புதிய முறையை இயன்ற மட்டும் தொடாமலே பழைய வழியில் காலம் தள்ளினார்கள். முறையான பயிற்சி வகுப்புகளால் பெரிய பயன் விளையவில்லை. நாளடைவில், பக்கத்து மேஜைக்காரரிடமும், விஷயம் தெரிந்த சக ஊழியரிடமும் கேட்டுக் கேட்டு அவ்வப்போது கற்றுக்கொண்டு, வடிவமைத்தவர்கள் கனவிலும் கருதாத விதங்களில் அம்முறையைத் தங்கள் வேலைக்கு வளைத்துக்கொண்டார்கள். ஒருங்கிணைந்த மென்பொருள் மனிதரை அசையவொட்டாமல் கட்டிப் போட்டுவிடும் என்ற பொதுவான எண்ணத்தை இந்த ஆய்வு தளர்த்தியது. லண்டன் பொருளாதாரக் கல்லூரியைச் சேர்ந்த யானிஸ் கல்லினிகோஸ் 2004-இல் கூறியது இதற்கு நேர்மாறாகத் தோன்றும்: இம்முறைகள் வேலை என்பதையே வரிசையான சிறுசிறு பரிவர்த்தனைகளாக நறுக்கிவிடுகின்றன, சோதித்துப் பார்ப்பதற்கும் தடம் மாறி யோசிப்பதற்கும் அதில் இடமில்லை. இவ்விருவகைக் கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் கருதவில்லை. நறுக்கப்படுவது உண்மை, நறுக்கப்பட்டவற்றை ஒட்டிக்கொண்டு, திரைக்கு வெளியே எக்ஸெல் தாளிலும், நோட்டுப் புத்தகத்திலும், இப்போது வாட்ஸாப் குழுவிலும் தனிக் கணக்கு வைத்துக்கொண்டு, மனிதர்கள் வேலையை முடிப்பதும் உண்மை. ஒரே பேரேடு என்று பறைசாற்றப்படும் ஸ்தாபனத்தில் அந்த எக்ஸெல் தாள்களை எண்ணிப் பார்த்தால், ஒருங்கிணைப்பு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதற்கு எந்த ஆலோசகரின் அறிக்கையைக் காட்டிலும் நம்பகமான அளவுகோல் கிடைத்துவிடும்.

வேலை நின்றால் சரக்குத்தான் தேங்கும்; சம்பளம் நின்றால் அடுப்பு எரியாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாண சுகாதாரத் துறையில் 2010 மார்ச்சில் புதிய சம்பள முறை புகுந்தபோது நேர்ந்தது இது. டாக்டர்களும் நர்ஸ்களும் துப்புரவுத் தொழிலாளரும் சமையற்காரரும் உட்பட ஏறத்தாழ 78,000 பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் கொடுக்கவேண்டும். இரவு வேலைக்கு ஒரு விகிதம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விகிதம், அழைத்தால் வரவேண்டும் என்று வீட்டில் காத்திருப்பதற்கு ஒரு விகிதம், தொழிற்சங்க ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும் படிகள் என்று எல்லாவற்றையும் பெருக்கினால், கணக்கிடும் விதங்கள் 24,000-க்கும் மேல் வந்தன. ஐ.பி.எம். கம்பெனி பிரதான ஒப்பந்தக்காரராக இருந்து, எஸ்.ஏ.பி.யையும் பணி நேரப் பட்டியலுக்கான வேறொரு மென்பொருளையும் இணைத்து இதைச் செய்தது. பழைய முறைக்கு அதன் உற்பத்தியாளரின் ஆதரவு நின்றுவிட்டதால், என்றைக்கு அது படுத்துவிடுமோ என்ற பீதியில், சோதனைகள் திருப்தியாக முடியாத நிலையிலேயே புதியதைத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் சம்பளத்திலேயே சிலருக்கு ஒன்றும் வரவில்லை, சிலருக்குக் குறைந்து வந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்தது. கூடுதலாக வந்தவர்களின் துன்பம் சாமான்யமானதன்று. அரசாங்கம் பின்னால் அதைத் திருப்பிக் கேட்டது. கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று. புதிய மென்பொருளோடு, ஆஸ்பத்திரிகளிலேயே உட்கார்ந்திருந்த சம்பளப் பிரிவுகளைச் சில மையங்களில் ஒன்றுசேர்க்கும் மாற்றமும் நடந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த குமாஸ்தாவுக்கு, இன்ன வார்டு நர்ஸ் சென்ற வாரம் இன்னாருக்குப் பதிலாக இரவு ஷிப்ட் பார்த்தார் என்பது காகிதம் வருமுன்னரே தெரியும். காகிதம் தவறாக வந்தால், தாமே வார்டுக்கு நடந்து போய்த் திருத்திக்கொண்டு வருவார். மையத்தில் இருப்பவருக்கு நர்ஸ் ஓர் எண். இதனால், இயந்திரம் செய்த பிழையைப் பிடிக்கக்கூடிய மனிதரும் அதே சமயத்தில் அந்த இடத்தை விட்டு அகற்றப்பட்டார். இரண்டு வருஷத்துக்குப் பிறகும் ஒவ்வொரு சம்பளத்துக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பந்திகள் உட்கார்ந்து சுமார் 92,000 படிவங்களைக் கையாலேயே சரிசெய்ய வேண்டியிருந்தது. எட்டு வருஷத்தில் இதற்கு ஆகும் மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டார்கள். முன்னாள் நீதிபதி ரிச்சர்ட் செஸ்டர்மன் நடத்திய விசாரணைக் கமிஷன் 2013-இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டின் பொது நிர்வாகத் தோல்விகளில் முதல் வரிசையில் இதை வைத்தது. அரசாங்கம் ஐ.பி.எம். மீது தொடுத்த வழக்கு, முன்பே செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின் காரணமாக 2015-இல் தோற்றது.

நம் தமிழ்நாட்டு அரசும் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தின்கீழ், சம்பளப் பட்டியலையும் கருவூல வியவகாரங்களையும் பணிப்பதிவேட்டையும் ஒரே முறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெறும் நாள் வரை ஒரு ஊழியரின் விடுப்பும் ஊதிய உயர்வும் பதவி உயர்வும் பல அதிகாரிகளின் பல மைகளில் எழுதப்பட்டு, ஊருக்கு ஊர் மாற்றலாகும்போது அவரைப் பின்தொடர்ந்து, சில சமயங்களில் வழியிலேயே காணாமற் போய், ஓய்வூதியத்துக்காகக் காத்திருப்பவரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட அந்தத் தடித்த பதிவேடு திரைக்கு வந்தது பெரிய உபகாரம் என்பதை அரசு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த எவரும் ஒப்புவார். பட்டியலைத் தொடங்குபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், ஒப்புதல் அளிப்பவர் ஒருவர் என்ற மூன்று நிலைப் பிரிவு பெரிய அலுவலகத்துக்குப் பொருத்தமான காவல். இரண்டே பேர் பணிபுரியும் சிறிய அலுவலகத்திலோ, ஒரே மனிதர் தாம் தொடங்கியதைத் தாமே சரிபார்ப்பது காவல் என்ற பெயருக்கு மட்டுமே பொருந்தும். காகிதக் காலத்திலும் அங்கே நிலைமை இதுவே. அப்போது அதை எவரும் மூன்று நிலைச் சரிபார்ப்பு என்று அழைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இம்முறையால் உயர்ந்தவர்களே இல்லையோ என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது. சிஸ்கோ கம்பெனியின் பழைய முறை 1994 ஜனவரியில் பழுதாகி இரண்டு நாள் கம்பெனியே நின்றுபோன பிறகு, ஆரக்கிள் மென்பொருளைக் கொண்டு, கம்பெனியின் மிகத் திறமையான ஆட்களை அன்றாட வேலையிலிருந்து விடுவித்து இதில் ஈடுபடுத்தி, ஒன்பதே மாதத்தில் ஒன்றரைக் கோடி டாலர் செலவில் புதிய முறையை நிறுவினார்கள். சில வருஷங்களில், காலாண்டுக் கணக்கை ஒரே நாளில் முடிக்கக்கூடிய நிலைக்கு அவர்கள் வந்தார்கள். உலகமே வியந்தது. 2001-இல் சந்தை சரிந்தபோது, இதே சிஸ்கோ, விற்காமல் தேங்கிய சரக்குக்காக 220 கோடி டாலருக்கும் மேல் நஷ்டக் கணக்கு எழுத நேர்ந்தது. பொருள் கிடைக்காத காலத்தில் வாடிக்கையாளர்கள் ஒரே தேவைக்கு இரண்டு மூன்று இடங்களில் ஆர்டர் கொடுத்துவைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஆர்டரும் உண்மையான பதிவு, எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகையோ கற்பனை. கணக்கு உடனுக்குடன் வந்துகொண்டிருந்தது. அதை மறுத்துக் கேட்பதற்கு எவருக்கும் துணிவு வரவில்லை. எண் விரைவாக வருவதும், திரையில் அழகாக வருவதும், அதைச் சந்தேகிக்கும் பழக்கத்தைக் குறைத்துவிடுகின்றன. பல பேரேடுகள் இருந்த காலத்தில் அவை ஒன்றோடொன்று முரண்பட்டதே ஓர் எச்சரிக்கையாக இருந்தது.

இப்போது இந்த நாடகத்தின் இரண்டாவது அங்கம் தொடங்கியிருக்கிறது. ஆர்-3-இன் வழிவந்த பழைய தொகுப்புக்குத் தரும் பொது ஆதரவை 2027 முடிவோடு நிறுத்திக்கொள்வதாக எஸ்.ஏ.பி. அறிவித்திருக்கிறது, கூடுதல் கட்டணம் செலுத்துவோருக்கு 2030 வரை தவணை உண்டு. 2015-இல் வந்த புதிய தொகுப்புக்கு மாறும் ஸ்தாபனங்களுக்குச் சொல்லப்படும் உபதேசம், முன்பு செய்துகொண்ட தனித் திருத்தங்களையெல்லாம் இயன்ற மட்டும் களைந்துவிட்டு, மென்பொருளை அது பிறந்த வடிவத்திலேயே ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதாகும். திருத்தங்களில் பல வீண் சுமை என்பது மெய். ஆனால் இன்ன வாடிக்கையாளருக்கு மட்டும் இன்ன தள்ளுபடி, இன்ன சரக்குக்கு மட்டும் இரட்டைச் சோதனை என்று இருபது வருஷங்களுக்கு முன் எவரோ எழுதிவைத்த ஒரு நிரலின் பின்னால், நஷ்டப்பட்டுக் கற்ற ஒரு பாடமும் இருக்கலாம், என்றோ ஓய்வுபெற்ற ஓர் அதிகாரியின் விசித்திரமான ஆசையும் இருக்கலாம். நிரலைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதை எழுதச் சொன்ன ஸ்டோர் கீப்பரும் கணக்கரும் பலர் இப்போது வேலையில் இல்லை. அவர்களைத் தேடிப் பிடித்து, ஒரு வாரம் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்பதற்கு ஆகும் செலவு, கோடிக்கணக்கில் செலவாகும் இந்த மாற்றங்களின் திட்ட மதிப்பீட்டில் ஒரு சிறு துகளே. ஆயினும் மதிப்பீடு போடுகிறவர்கள் அதற்கு ஒரு வரி ஒதுக்குவது அரிது.